ஆற்றோர மணல் குட்டையை வெள்ளத்திலிருந்தும் அரிப்பிலிருந்தும் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் எங்கள் பெரியவர்களுக்கு இது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். செம்பனைத் தோட்டங்களுக்கும் சிலாங்கூர் ஆற்றுக்கும் நடுவே, வெள்ளீயமும் மணலும் சரளையும் எடுத்துவிட்டுப் போட்ட குட்டைகள் வரிசையாகக் கிடக்கின்றன. அதில் ஒன்றை மீன் குட்டையாகவோ காய்கறி நிலமாகவோ திடலாகவோ மாற்ற யாராவது இறங்கினால், மண்வேலை பார்த்தவன் என்று என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஆற்றுப் பக்கம் லோரி லோரியாகக் கல் கொட்டியிருக்கும். குட்டைப் பக்கம் வெறும் மணல் சுவர்போல நிற்கும்.

அந்த வேலை வரிசையை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். கல் வாங்கும் முன் செய்ய வேண்டியவை நிறைய உண்டு.

1. கரை எந்தப் பக்கத்திலிருந்து உடைகிறது

ஆற்றுக்கும் குட்டைக்கும் நடுவில் நிற்கும் மண்ணை இங்கே நடுக்கரை என்று சொல்கிறேன். வெள்ளத்தில் ஆறு ஏறி நடுக்கரையைத் தாண்டும்போது, குட்டையின் தண்ணீர் மட்டம் இரண்டு மூன்று மீட்டர் கீழே இருக்கும். தாண்டிய தண்ணீர் அந்தப் பள்ளத்தில் அருவியாக விழுகிறது. 1 மீட்டர் விழுந்தாலே விநாடிக்கு சுமார் 4.4 மீட்டர் வேகம்; 3 மீட்டர் விழுந்தால் 7.7 மீட்டர். நன்றாக வேர்பிடித்த புல்கூட இந்த வேகங்களை வெகுநேரம் தாங்காது. வெறும் மணல் எதையும் தாங்காது.

விழுந்த இடம் குழியாகும், குழியின் மேல் விளிம்பு சரியும், அந்த விளிம்பு ஆற்றை நோக்கிப் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஆற்றைத் தொட்டதும் ஆறே குட்டைக்குள் திரும்பிவிடும். அப்புறம் ஆறு வரும் மேல்பக்கத்தில் அதன் அடி ஆழமாகிக்கொண்டே போய்ப் பாலத்தூண்களின் காலை வெளியே காட்டும். ஆறு கொண்டுவரும் மணல் குட்டையில் தங்கிவிடுவதால், மணல் இல்லாமல் போகும் தண்ணீர் கீழ்ப்பக்கக் கரைகளைத் தின்னும். ஒருவர் நிலத்தில் தொடங்கும் உடைப்பு இப்படித்தான் ஊர்ப் பிரச்சினை ஆகிறது.

இதை வைத்துப் பார்த்தால் வேலையின் குறிக்கோள் தெளிவாகும். பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எப்படியும் குட்டைக்குள் வரும். எந்த இடத்தில், எவ்வளவு மெதுவாக, எவ்வளவு குறைந்த உயரத்திலிருந்து வர வேண்டும் என்பதைத்தான் நாம் முடிவு செய்கிறோம்.

2. மண்ணைத் தொடும் முன் கைக்கு வர வேண்டிய தாள்கள்

ஆற்றங்கரை உங்கள் நிலத்தின் பகுதி என்று நினைக்காதீர்கள். ஆற்று ரிசர்வ் என்று கரையோரமாக ஆற்றுக்கே ஒதுக்கிய நிலம் உண்டு, அதற்கு ஓர் அளவும் உண்டு. ஜே.பி.எஸ். எனப்படும் நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டுதலில், 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர். 20 முதல் 40 மீட்டர் வரையுள்ள ஆற்றுக்கு 40 மீட்டர். 10 முதல் 20 வரை என்றால் 20 மீட்டர். அதற்குள் கல் போடவோ கரையை உயர்த்தவோ துறையின் ஒப்புதல் வேண்டும்.

மண்வேலைக்கு 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவின்படி நகராண்மைக் கழகத்திடம் வரைபடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். வேலையின்போது கிடைக்கும் மணலை வெளியே கொண்டுபோனால் நில அலுவலகத்தின் உரிமம் தனி. பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரின் கையெழுத்தும் தேவை. நான் கீழே சொல்லும் கணக்குகள் அவரோடு உட்கார்ந்து பேசுவதற்குத்தான். அவருக்குப் பதிலாக அல்ல.

புதிதாக வருபவர்கள் இங்கே செய்யும் தவறு, வேலையைத் தொடங்கிவிட்டுத் தாளைத் தேடுவது. பாதியில் வேலை நிறுத்தப்பட்டால், வெட்டிய மண் மழையில் திறந்து கிடக்கும். தொடாமல் விட்ட குட்டையைவிட அது மோசம்.

3. நான்கு அளவுகள்

சர்வேயரைக் கூப்பிட்டு, ஒரே அடிமட்டக் குறியிலிருந்து இந்த நான்கையும் எடுங்கள்.

முதலாவது, நடுக்கரையின் மேல்மட்டம், 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாக. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் கரையில் அரை மீட்டர் பள்ளம் ஒளிந்திருக்கும். பழைய லோரிப் பாதை கரையைக் குறுக்கே வெட்டிப் போன இடம்தான் பெரும்பாலும் அது.

இரண்டாவது, ஆற்றின் சரிவு. குட்டையின் மேல்முனைக்கு நேராகவும் கீழ்முனைக்கு நேராகவும் ஒரே நாளில் ஆற்று மட்டத்தை எடுங்கள். ஆற்று நீர் சரிந்து ஓடும். குட்டை நீர் சமமாக நிற்கும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில், 400 மீட்டர் நீளக் குட்டையின் மேல்முனையில் ஆறு 40 செ.மீ. உயரமாக இருக்கும். நடுக்கரை முழுவதும் ஒரே மட்டத்தில் இருந்தால் வெள்ளம் முதலில் தாண்டுவது மேல்முனையில். அதுதான் ஆகாத இடம், காரணம் பிறகு வரும்.

மூன்றாவது, குட்டையின் பரப்பும் ஆழமும். படகிலிருந்து கயிற்றில் இரும்புக் குண்டு கட்டி இறக்கினால் போதும். ஆனால் ஆழத்தோடு அடியின் தன்மையையும் பாருங்கள். பழைய ஈயக் குட்டைகளில் மணலுக்குக் கீழே சிலைம் என்ற கூழ்மண் இருக்கும். விரல் தடிமனுள்ள இரும்புக் கம்பி கை பாரத்திலேயே 1 மீட்டர் இறங்கினால் அங்கே கல்லை வைக்காதீர்கள். கல் மூழ்கிப் போகும். இடத்தை மாற்றுவது, அடியைப் பலப்படுத்துவதைவிட எப்போதும் மலிவு.

நான்காவது, ஆறு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது. ஜே.பி.எஸ்.ஸின் வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு நிலையத்தின் ஆற்று மட்டமும், இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்ற படிகளும் கிடைக்கும். பக்கத்து நிலையத்தைப் பெரிய மழை நாளில் மணிக்கு ஒரு முறை குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மழை போதும். இந்த எண் இல்லாமல் ஏழாம் படியைக் கணக்கிட முடியாது.

4. எந்த மாதத்தில் தொடங்குவது

மேற்குக் கரையில் எங்கள் பக்கம் மழை ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர் நவம்பரிலும் கனமாக இருக்கும். ஜூன், ஜூலை ஓரளவு காய்ந்த மாதங்கள். மண்ணும் கல்லும் ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை. புல் ஆகஸ்ட் முடிவதற்குள் நட்டாக வேண்டும். அக்டோபர் மழைக்கு முன் அதற்கு வேர் பிடிக்கக் கொஞ்சம் நாள் வேண்டுமே. பிப்ரவரியில் தொடங்குகிறேன் என்பவர்கள் ஏப்ரலில் பாதி வேலையோடு மாட்டிக்கொள்கிறார்கள்.

5. குட்டைத் தண்ணீரை மெதுவாக இறக்குதல்

சரிவு வேலைக்குக் குட்டையின் மட்டத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். பம்பு வைத்து ஒரே வாரத்தில் காலி செய்தால், ஊறிய கரைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் கரையையே தள்ளிக்கொண்டு சரியும். ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் இறக்க வேண்டாம் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. விளிம்பில் வெடிப்பு தெரிந்தால் பம்பை நிறுத்துங்கள்.

இறைக்கும் தண்ணீரைச் சேற்றோடு ஆற்றில் விடாதீர்கள். கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் போகிறது. பக்கத்தில் ஒரு சிறு தேக்கம் வெட்டி, தெளிந்த பிறகு விடுங்கள்.

6. குட்டைப் பக்கச் சரிவு

செங்குத்தான மணல் சுவரை 1க்கு 3 என்ற சரிவுக்குக் கொண்டுவர வேண்டும்: 1 மீட்டர் இறக்கத்துக்கு 3 மீட்டர் படுக்கை. இந்தச் சரிவு, வறட்சி காலத்து நீர் மட்டத்துக்குக் கீழே இன்னும் 3 மீட்டர் ஆழம் வரை போக வேண்டும். தண்ணீர் விளிம்பில் மட்டும் 2 மீட்டர் அகலத்துக்கு, 1க்கு 5 அளவில் தட்டையான ஒரு திட்டு விடுங்கள். சிற்றலை அந்தத் திட்டில் அடித்து ஓயும். கால் தவறி விழும் பிள்ளைக்கு நிற்க ஓர் இடமும் கிடைக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் குட்டைகளில் இறந்த செய்திகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்தத் திட்டை விட்டுவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரிவை எப்படி உண்டாக்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எஸ்கவேட்டர் ஓட்டுநரிடம் சரிவு வேண்டும் என்று மட்டும் சொன்னால், கரையின் மேல்பக்கத்தை வெட்டித் தள்ளிவிடுவார். சரிவு கிடைக்கும், நடுக்கரை பாதி அகலமாகிவிடும். நடுக்கரை ரிசர்வ் அளவைவிட நிறைய அகலமாக இருந்தால் மட்டும் வெட்டலாம். இல்லையென்றால் குட்டைக்குள் மண்ணை நிரப்பித்தான் சரிவு உண்டாக்க வேண்டும்.

நிரப்பும் மண் களிமண் கலந்ததாக இருக்கட்டும். 20 முதல் 30 செ.மீ. தடிமனில் ஒவ்வோர் அடுக்காகப் போட்டு ரோலரால் அழுத்துங்கள். ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் அழுத்தினால் கீழே பொத்தலாகவே இருக்கும். தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடிக்கும். பக்கத்து ராஜா மூசா சதுப்புக்காட்டின் கரிய மண் சும்மா கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது காய்ந்தால் சுருங்கும், தீப்பிடிக்கும். உடைத்த வீட்டுக் கற்களும் பலகையும் கலந்த குப்பை மண்ணும் அப்படித்தான்: பலகை மக்கியதும் அந்த இடம் ஓட்டையாகும்.

7. கலிங்கு: தண்ணீர் உள்ளே வரும் வழி

ஏரிகளில் மிச்சத் தண்ணீரை வழிய விடும் கல்வரிசைக்குக் கலிங்கு என்று பெயர். இங்கே அதே வேலைதான், திசை மட்டும் ஆற்றிலிருந்து குட்டைக்கு. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் சரியாகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இடம்: குட்டையின் கீழ்முனை. மேல்முனையில் திறந்தால் உள்ளே வந்த தண்ணீர் குட்டை வழியாகவே ஓடிக் கீழ்முனையில் வெளியேறப் பார்க்கும். குட்டை ஆற்றுக்குக் குறுக்கு வழியாகிவிடும். கீழ்முனையில் திறந்தால் தண்ணீர் பின்வாங்கி வந்து குட்டையை நிரப்பிவிட்டு நிற்கும். ஆறு வளையும் இடத்தில் வெளிப்புறக் கரையைத் தொடவே வேண்டாம். ஆறு ஏற்கெனவே அங்கேதான் முட்டிக்கொண்டிருக்கிறது.

மட்டம்: கலிங்கின் உச்சி, பக்கத்து நடுக்கரையைவிட 60 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும். மேல்முனையில் நடுக்கரையை ஆற்றின் சரிவு அளவுக்கு, நம் கணக்கில் 40 செ.மீ., கூடுதலாக உயர்த்த வேண்டும். அப்போதுதான் வேறு எங்கும் தாண்டும் முன் கலிங்கு ஓடத் தொடங்கும்.

அகலம்: 2 ஹெக்டர் குட்டை, நீர் மட்டம் 2 மீட்டர் கீழே என்று வைத்துக்கொள்வோம். நிரப்ப வேண்டியது 40,000 கன மீட்டர், அதாவது 4 கோடி லிட்டர். 10 மீட்டர் அகலக் கலிங்கில் 30 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஓடினால் விநாடிக்கு சுமார் 2.8 கன மீட்டர் உள்ளே வரும். குட்டை நிரம்ப 4 மணி நேரம். உங்கள் ஆறு கலிங்கு உச்சியிலிருந்து நடுக்கரை உச்சிக்கு ஏற 4 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் என்றால் 10 மீட்டர் போதும். ஒன்றரை மணி நேரத்திலேயே ஏறிவிடும் ஆறு என்றால் 25 மீட்டருக்கு மேல் வேண்டும், அல்லது உச்சியை இன்னும் தாழ்த்த வேண்டும். ஆறு நடுக்கரையைத் தாண்டும் நேரத்தில் குட்டையும் ஏறக்குறைய நிரம்பியிருந்தால் விழுவதற்குப் பள்ளமே இருக்காது. இந்தப் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

இறக்கம்: கலிங்கின் குட்டைப் பக்கத்தை 1க்கு 4 என்று படுக்கவையுங்கள். அடியில் 5 மீட்டர் நீளத்துக்குக் கல்தளம் வேண்டும். தளத்தின் முனையைக் கீழே 1 மீட்டராவது மடித்துப் புதையுங்கள், இல்லாவிட்டால் முனை தொங்கிச் சரியும்.

கலிங்கு முடிந்த பிறகுதான் பழைய லோரிப் பாதைப் பள்ளத்தை மூட வேண்டும். இந்த வரிசை முக்கியம். ஒரு வேலையிடத்தில் பள்ளத்தை முதலில் மூடிவிட்டார்கள். கலிங்குக்குக் கல் வருவதற்குள் ஓர் இரவு மழை. தண்ணீர் போக வழி தெரியாமல், புதிதாக நிரப்பிய, இன்னும் இறுகாத இடத்தைத் தாண்டியது. காலையில் நான் போனபோது 15 மீட்டர் நீளத்துக்கு நடுக்கரை இல்லை. லோரிப் பாதை கீழ்முனையிலேயே இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். அதையே கலிங்காக மாற்றிக்கொள்ளலாம்.

8. கல்

தண்ணீரின் வேகம் இரட்டித்தால் கல்லின் குறுக்களவு நான்கு மடங்கு ஆக வேண்டும். எடையில் அது 64 மடங்கு. விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் 10 செ.மீ. கல் நிற்கும், அதன் எடை ஒன்றரை கிலோகூட இல்லை. 3 மீட்டர் வேகத்துக்கு 40 செ.மீ. கல், சுமார் 90 கிலோ. கொஞ்சம் பெரிய கல்லாகப் போட்டேன் என்ற பேச்சு இதில் உதவாது.

மேலே சொன்ன 10 மீட்டர் கலிங்கில், 4 மீட்டர் இறக்கம் என்றால், உச்சி, சரிவு, தளம், பக்கவாட்டு ஏற்றம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 360 சதுர மீட்டர். 80 செ.மீ. தடிமனுக்குப் போட்டால் சுமார் 450 டன் கருங்கல். விலை கேட்கும்போது இந்த அளவோடு போங்கள்.

உடைத்த கூர்க்கல்லாக இருக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் ஒன்றின்மேல் ஒன்று உருண்டுவிடும். ஒரே அளவுக் கல்லும் வேண்டாம். சிறியது பெரியதன் இடுக்கை அடைத்துப் பிடிக்கும்.

கல்லுக்கு அடியில் ஜியோடெக்ஸ்டைல், அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி, விரிக்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். துணி இல்லையென்றால் தண்ணீர் கல்லிடுக்கு வழியாக மணலை உறிஞ்சி எடுக்கும். கல் அசையாமல் அப்படியே கீழே இறங்கிப் போகும். மேலிருந்து பார்த்தால் ஒரு வருடத்துக்கு எதுவுமே தெரியாது. துணியின் ஒட்டுகள் அரை மீட்டர் ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும், மேல்பக்கத் துணி மேலே வரும்படி. கல்லை லோரியிலிருந்து நேராகக் கொட்டினால் துணி கிழியும். எஸ்கவேட்டர் வாளியால் கீழிருந்து மேலாக அடுக்குங்கள்.

பெரிய கல் கிடைக்காத இடத்தில் கம்பிக்கூடை, அதாவது கேபியன், போடலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள கம்பியைக் கேளுங்கள், இந்த ஈரத்தில் வெறும் கம்பி துருப்பிடித்துவிடும். சிமெண்டுத் தளம் எனக்கு உடன்பாடில்லை. அடியில் மண் போனாலும் அது பாலம்போல நிற்கும், ஒரு நாள் மொத்தமாக உடையும். கல் முன்கூட்டியே இறங்கிக் காட்டிக்கொடுக்கும்.

9. பழைய குழாய்களும் வளைகளும்

மணல் எடுத்த காலத்துப் பம்புக் குழாய்கள் நடுக்கரைக்குள் புதைந்து கிடக்கும். குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டித்தான் தண்ணீர் கசிந்து மண்ணைக் கொண்டுபோகும். வாயை மட்டும் அடைத்தால் போதாது. தோண்டி எடுத்து, அடுக்கடுக்காக மண் போட்டு அழுத்துங்கள். உடும்பு வளை, எலி வளை, காட்டுப்பன்றி கிளறிய இடம் எல்லாவற்றுக்கும் இதே முறை. பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குங்கள், காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும்.

10. புல்லும் மரமும்

கல் இல்லாத சரிவு முழுவதும் வெட்டிவேர். சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில் வரிசையாக நடுங்கள். தூருக்குத் தூர் 10 முதல் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை உயரத்தில் 1 மீட்டர். மேலிருந்து கீழாக வரிசை நட்டால் மழைத்தண்ணீருக்கு வாய்க்கால் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகும். வேர் நேராக 3 மீட்டர் வரை இறங்கும். வரிசைகளுக்கு இடையே மாட்டுப்புல் பத்தைகளைப் பதித்து மூங்கில் குச்சியால் குத்துங்கள்.

நடுக்கரை உச்சியில் மரம் வேண்டாம். காற்றில் சாயும் மரம் வேரோடு ஒரு லோரி மண்ணைப் பெயர்க்கும்; செத்த மரத்தின் வேர் மக்கிக் குழாயாகும். மூங்கிலும் மற்ற மரங்களும் ரிசர்வின் உட்பக்கத்தில், கரையைவிட்டுத் தள்ளி. செம்பனையும் அப்படித்தான். ஒரு வரிசை கூடுதலாகக் கிடைக்குமே என்று விளிம்பு வரை நடுகிறார்கள். அதன் நிழலில் புல் வளராது, மண் வெறுமையாகிவிடும்.

11. முதல் வெள்ளத்துக்குப் பிறகு

ஆறு விழிப்புப் படியைத் தாண்டியதும் கலிங்கைப் போய்ப் பாருங்கள், பாதுகாப்பான தூரத்திலிருந்து. தண்ணீர் முதலில் அங்கே நுழைகிறதா என்பதுதான் கேள்வி. வேறெங்காவது நுழைந்தால் அந்த இடத்தில் ஒரு கம்பை நட்டுக் குறித்துவிட்டு வாருங்கள்.

கரை உடைவதற்கு ஆறு இறங்கும் நாட்களும் ஆபத்தானவை. ஆறு வேகமாக இறங்க, ஊறிய நடுக்கரை ஆற்றுப் பக்கம் சரியும். வெள்ளம் வடிந்து மூன்று நாள்வரை கரைமேல் லோரியோ எஸ்கவேட்டரோ ஏற்றாதீர்கள்.

அதன் பிறகு நடந்து பாருங்கள். கலிங்குத் தளத்தின் முனையில் குழி, கல்வரிசையில் பள்ளம், துணி வெளியே தெரிவது, குட்டைப் பக்கச் சரிவில் ஈரமான ஊற்று. ஊற்றில் தெளிந்த தண்ணீர் வந்தால் குறித்து வைத்து வாரம் ஒரு முறை பாருங்கள். கலங்கிய தண்ணீர் வந்தால் உள்ளே மண் போகிறது. அன்றே ஜியோடெக்ஸ்டைல் விரித்து, அதன்மேல் சரளை கொட்டி, தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். சாக்கை வைத்து அடைக்க வேண்டாம், தண்ணீர் வேறு பக்கம் துளைக்கும். பிறகு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.